ஏமாந்தவனைப் பாத்துச் சிரிக்காதீங்க



மஞ்சள் வெட்டி, வேக வச்சு, காய வச்சு, பாலீஷ் போட்டு முடிக்கறதுக்குள்ள ரெண்டு மாசம் ஓடிப் போச்சு. இந்த வருஷத்து மஞ்சள் கதையைத் தனியா எழுதறேன். இன்னைக்கு வேற விஷயம். எங்க பங்காளி ஒருத்தன் போன்ல வந்த ஒரு ஃபைலைத் தொட்டு 67,500 ரூபாயைப் பறிகொடுத்துட்டான். எனக்கு சித்தப்பா மகன், பேரு வேண்டாம், தம்பின்னே சொல்றேன். அவன்கிட்டக் கேட்டுட்டுத்தான் எழுதறேன். "எழுதுங்கண்ணா, பேரு மட்டும் போட்டுராதீங்க"ன்னான்.

மாசி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, பொழுது சாயற நேரம். ஊர் வாட்ஸ்அப் குரூப்புல ஒரு மெசேஜ். மேல பி.எம். கிசான் படம், கீழ தமிழ்ல நாலு வரி. தவணை நின்னு போனவங்க இந்தச் செயலியை இறக்கிப் பதிஞ்சா நிலுவைப் பணம் 4,000 ரூபாய் உடனே கணக்குல ஏறும்னு போட்டிருந்துச்சு. கூடவே ஒரு ஃபைல். பேரு 'பி.எம். கிசான் யோஜனா', கடைசியில ஏபிகேன்னு மூணு எழுத்து. அனுப்புனது யாருன்னு பாத்தா எங்க பால் சொசைட்டி செயலாளர் நம்பர். இருபது வருஷமா பால் அளந்து கணக்கு எழுதற மனுசன். ஒரு ரூபா தப்பு வந்ததில்லை.

தம்பிக்கு உண்மையாவே தவணை நின்னு போயிருந்துச்சு. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூணு தவணையா 2,000, 2,000ன்னு 2019-ல இருந்து வர்ற பணம் அது. இ-கேஒய்சி முடியலைன்னு நிறுத்திட்டாங்க. இ-சேவை மையத்துக்கு நாலு நடை நடந்தான். விரலை வச்சா மெஷின் எடுக்க மாட்டேங்குது. மஞ்சள் வெட்டுற கையில ரேகை எங்கிருந்து இருக்கும்? மிஷின்கிட்ட அதைச் சொல்ல முடியுமா? "அடுத்த வாரம் வாங்க"ன்னு சொல்லிச் சொல்லி அனுப்பிட்டாங்க. அப்படி இருக்கறவன் கையில, தெரிஞ்ச ஆள் நம்பர்ல இருந்து, நம்ம தமிழ்லயே 'நின்ன பணம் வரும்'னு வந்தா என்ன செய்வான்? தொட்டான்.

தொட்டதும் போன் ஒரு எச்சரிக்கை காட்டுச்சாம். இது பிளே ஸ்டோர்ல இருந்து வரலை, ஆபத்தா இருக்கலாம், அனுமதிக்கலாமான்னு. நமக்கெல்லாம் அனுமதின்னு வந்தா தொட்டுத்தான் பழக்கம். எதைப் போட்டாலும் நாலு அனுமதி கேக்குதே, எதைப் படிக்கறோம்? அடுத்து எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டுச்சு, கொடுத்தான். அப்பறம் பேரு, ஆதார் நம்பர், ஏடிஎம் கார்டு நம்பர். கடைசியா, 'கணக்கை உறுதி செய்ய ஒரு ரூபாய் செலுத்தவும்'. ஒரு ரூபாதானேன்னு யூபிஐ ரகசிய நம்பரை அடிச்சான். 'பதிவு வெற்றி, 24 மணி நேரத்தில் பணம் வரும்'னு வந்துச்சு. வெளிய வந்து பாத்தா அந்தச் செயலியோட படமே போன்ல காணோம். சரி, வேலை முடிஞ்சுதுன்னு மாட்டுக்குத் தட்டுப் போடப் போயிட்டான்.

மறுநாள் காலையில ஏடிஎம்முல மோட்டார் காயில் கட்டறதுக்குப் பணம் எடுக்கப் போனவன் இருப்பைப் பாத்தா 5,000 குறையுது. மஞ்சள் வித்த பணம் 68,200 இருந்த கணக்கு அது. எஸ்எம்எஸ் ஒண்ணும் வரலை. வந்துச்சு, ஆனா அவன் கண்ணுல படாம அந்தச் செயலியே எடுத்துருச்சுன்னு அப்பறம்தான் தெரியும்.

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கு. சனிக்கிழமை காலையிலயே அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. ஏடிஎம் வாசல்ல நிக்கும்போதே நேத்து தொட்டது ஞாபகத்துக்கு வந்து அடிவயிறு கலங்கிப் போச்சுன்னு அவனே சொன்னான். ஆனா யார்கிட்டயும் சொல்லலை. சம்சாரத்துக்கிட்டக் கூடச் சொல்லலை. பேங்கு லீவு, திங்கக்கிழமை போய்க் கேட்டுக்கலாம், 5,000 தானே, வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு வாயை மூடிக்கிட்டு இருந்துட்டான். சனிக்கிழமை ராத்திரி மீதி 62,500 போச்சு. 700 ரூபாயை மட்டும் விட்டுட்டுப் போயிருந்தாங்க.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டம்மாதான் என்னைக் கூப்பிட்டுச்சு. "மாமா, இவரு ரெண்டு நாளா சாப்பிடலைங்க, என்னன்னு கேட்டாலும் சொல்ல மாட்டேங்கறாருங்க, செத்த வாங்க"ன்னு. நான் போனேன். கட்டுத்தரையில உக்காந்துட்டு இருந்தான். ரெண்டு தடவை கேட்டதுக்கு அப்பறம் சொன்னான். ஏன்டா அன்னைக்கே சொல்லலைன்னு கேட்டேன். தலையைத் தூக்காமலே, "நீங்க சிரிப்பீங்கண்ணா"ன்னான்.

எனக்குச் சுருக்குன்னு தைச்சுது. அவன் சொன்னது பொய்யில்லை. அதுக்கு ஒரு வாரம் முந்தி டீக்கடையில, பக்கத்து ஊர் ரிட்டையர்டு வாத்தியார் ஒருத்தர் கல்யாணப் பத்திரிகைன்னு வந்த ஏபிகேயைத் தொட்டுப் பணத்தை விட்ட பேச்சு ஓடுச்சு. "நாப்பது வருஷம் பாடம் எடுத்தவருக்கு ஒரு பத்திரிகைக்கும் ஃபைலுக்கும் வித்தியாசம் தெரியலையா"ன்னு பெருசா சிரிச்சது நாந்தான். தம்பி அங்க டீ குடிச்சுட்டு இருந்தான்.

திங்கக்கிழமை அவனைக் கூட்டிட்டு பேங்குக்குப் போனப்ப மேனேஜர் பொறுமையா விளக்கினார். கணக்கு இப்படித்தான் போயிருக்கு. யூபிஐ வேற ஒரு போன்ல பதியணும்னா பேங்குல கொடுத்திருக்கற சிம்முல இருந்து ஒரு எஸ்எம்எஸ் போகணும். அதைத் தம்பி போன்ல உக்காந்திருந்த செயலியே அனுப்பியிருக்கு. வந்த ஓடிபியை அவங்களுக்கே தள்ளியிருக்கு. ரகசிய நம்பரை அந்த ஒரு ரூபாயில இவனே கொடுத்துட்டான். ஆனா புதுசா ஒரு போன்ல பதிஞ்சா முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல அனுப்ப முடியாதாம். அதனாலதான் வெள்ளிக்கிழமை ராத்திரி 5,000. அந்தக் கெடு முடிஞ்சதும் மீதி. அதாவது நண்பர்களே, இந்த மாதிரி ஆகும்னு தெரிஞ்சுதான் ஒரு நாள் தடுப்பு வச்சிருக்காங்க. அந்த ஒரு நாளைத் தம்பி வெக்கத்துல கழிச்சான்.

நாங்க ஞாயித்துக்கிழமை ராத்திரியே 1930-க்குப் போன் பண்ணிட்டோம். இது சைபர் மோசடிக்குன்னு அரசாங்கம் வச்சிருக்கற நம்பர், இந்தியா பூராவும் ஒரே நம்பர், லீவு நாள்லயும் எடுக்கறாங்க. என் போன்ல இருந்துதான் கூப்பிட்டோம், அவன் போனை ஏரோப்ளேன் மோடுல போட்டுட்டு. பணம் போன தேதி, நேரம், தொகை, கணக்கு நம்பர் கேட்டாங்க. ஒரு புகார் நம்பர் கொடுத்தாங்க. அவங்க பணம் போய்ச் சேர்ந்த பேங்குக்குச் சொல்லி, அங்க மிச்சம் இருக்கறதை எடுக்க விடாம நிறுத்தி வைக்கறாங்க. தம்பி பணத்துல 21,000 அப்படி நின்னுச்சு. மீதி அதுக்குள்ள நாலு கை மாறி எங்கயோ ஏடிஎம்முல எடுத்தாச்சு. நின்ன 21,000-மும் இன்னும் கைக்கு வரலை, கோர்ட் மூலமா வரணும்ங்கறாங்க. சனிக்கிழமை காலையில ஏடிஎம் வாசல்ல இருந்தே கூப்பிட்டிருந்தா 5,000-த்தோட முடிஞ்சிருக்கும்.

இதுல இன்னொண்ணு, கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் வேலையில இருக்கற என் மகன் தேடிப் படிச்சுச் சொன்னது. 2017 ஜூலையில ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டிருக்கு. கணக்கு வச்சிருக்கறவன் கவனக்குறைவால பணம் போயிருந்தா, அவன் பேங்குக்குச் சொல்ற வரைக்கும் போன பணம் அவன் நஷ்டம். சொன்னதுக்கு அப்பறம் போற பணம் பேங்கோட நஷ்டம். நம்ம தப்பும் இல்லாம பேங்கு தப்பும் இல்லாம வேற எங்கயோ ஓட்டை விழுந்து போயிருந்தா, மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா நமக்கு நஷ்டமே இல்லை. ரகசிய நம்பரை நாமளே கொடுத்துட்டோம்னா தப்பு நம்ம மேலதான் வரும். அப்பவும் எந்த நிமிசத்துல வாயைத் திறக்கறோமோ அந்த நிமிசத்துல இருந்து கணக்கு மாறுது.

"இலவசத்துக்கு ஆசைப்பட்டா இப்படித்தான்", "பேராசை பெருநஷ்டம்"னு சொல்றவங்க நிறைய. டவுன்ல இருக்கற எங்க சொந்தக்காரர் ஒருத்தர் தம்பி மூஞ்சிக்கு நேராவே சொன்னார். எனக்கு அதுல உடன்பாடு இல்லை. நாலு மாசம் நின்னு போன, அவனுக்குச் சேர வேண்டிய பணத்தை எதிர்பார்க்கறது பேராசையா? அதுவுமில்லாம நம்ம ஊர்ல இலவசம்னு சொன்னா உண்மையாவே வீடு தேடி வந்திருக்கு. டிவி வந்துச்சு. மிக்ஸி, கிரைண்டர் வந்துச்சு. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு லேப்டாப் வந்துச்சு. தோட்டத்து மோட்டாருக்குக் கரண்ட் இலவசம்தான். இதெல்லாம் சரியா தப்பான்னு பேசறது வேற பஞ்சாயத்து. ஆனா இப்படி வாங்கிப் பழகின ஜனங்ககிட்ட, 'அரசு கொடுக்குது, பதிஞ்சுக்கோ'ன்னு ஒரு மெசேஜ் வந்தா அதை நம்பறது முட்டாள்தனம் இல்லை. அனுபவத்துல நம்பறாங்க. அனுப்பறவனுக்கு இது நல்லாத் தெரியும். இங்க பி.எம். கிசான்னு அனுப்புவான், வண்டி வச்சிருக்கறவனுக்குப் போக்குவரத்து அபராதம்னு அனுப்புவான், சொந்தபந்தம் நிறைய இருக்கறவனுக்குக் கல்யாணப் பத்திரிகை அனுப்புவான். ஃபைல் ஒண்ணுதான், மேல ஒட்டற பேருதான் வேற.

என் தென்னந்தோப்புல காண்டாமிருக வண்டுக்கு இனக்கவர்ச்சிப் பொறி கட்டியிருக்கேன். ஒரு பிளாஸ்டிக் வாளி, அதுல ஒரு சின்னப் பொட்டலம். பாக்கறவங்க வண்டு தீனி வாசனைக்கு வந்து விழுதுன்னு நினைப்பாங்க. பொட்டலத்துல தீனி வாசனையே கிடையாது. அது இன்னொரு வண்டோட வாசனை. நம்ம ஆளு அங்க இருக்கான், அங்க நல்லா இருக்கும் போலன்னுதான் வண்டு வருது. (இந்தப் பொறியைக் கட்டுனா பக்கத்துத் தோப்பு வண்டும் நம்ம தோப்புக்கு வந்துரும்னு ஒரு சண்டை எங்க ஊர்ல ஓடிட்டு இருக்கு, அது இருக்கட்டும்.) செயலாளர் நம்பர்ல இருந்து வந்த மெசேஜும் இதேதான். அவர் அனுப்பவே இல்லை. அவர் போன்ல அந்த ஃபைல் முந்தின நாளே ஏறி, அவருக்குத் தெரியாமலே குரூப்புக்கெல்லாம் அனுப்பியிருக்கு. தெரியாத நம்பர்ல இருந்து வர்றதைத் தொடாதேன்னு எல்லாரும் சொல்லித் தர்றாங்க. தெரிஞ்ச நம்பர்ல இருந்து வர்றதுதான் இப்ப பெரிய ஆபத்து.

என் கதையையும் சொல்லிடறேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை.

ஒரு பதினஞ்சு வருஷம் முந்தி, மகன் படிக்கறதுக்காகப் பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கினோம். நான் பத்தாவதுதான், ஆனா அதுல தமிழ்ல அடிக்கணும்னு எனக்கு ஒரு வெறி. இ-கலப்பைன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, அதைப் போட்டா தமிழ் வரும்னு சொன்னாங்க. பேரைக் கேட்டதுமே பிடிச்சுப் போச்சு, நம்ம தொழில் பேராச்சே. அதைத் தேடிட்டுப் போய் ஏதோ ஒரு பக்கத்துல நின்னேன். அங்க பச்சை கலர்ல பெரிய பட்டன், 'டவுன்லோடு'ன்னு. அதைத் தட்டினேன். அது இ-கலப்பையோட பட்டன் இல்லை, பக்கத்துல இருந்த விளம்பரம். நிசமான பட்டன் கீழ பொடி எழுத்துல இருந்துச்சு. இறங்கினது வேற ஒரு பூதம்.

ரெண்டு நாள் கழிச்சு திரை பூரா சிவப்பா, 'உங்கள் கம்ப்யூட்டரில் 214 வைரஸ் உள்ளது, இலவசமாகச் சோதிக்கவும்'னு இங்கிலீஷ்ல வந்துச்சு. பயந்து போய் அதையும் தட்டினேன். அது எண்ணி முடிச்சு, நீக்கணும்னா பணம் கட்டுன்னுச்சு. வைரஸ்னு சொன்னதுதான் வைரஸ். எதைத் திறந்தாலும் அதுவே வந்து நின்னுச்சு. நோண்டி நோண்டி, கடைசியில கம்ப்யூட்டர் ஆன் ஆகறதே நின்னு போச்சு. கடைக்காரன் எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுக் கொடுத்தான். அதுல எங்கம்மா கடைசி வருஷத்துல எடுத்த போட்டோ எல்லாம் இருந்துச்சு. கொல்லையில உக்காந்து புளி தட்டற மாதிரி ஒரு படம், அது ஒண்ணுதான் அம்மா சிரிச்ச படம். போச்சு.

வீட்ல கேட்டாங்க. "கரண்ட் ஏறி இறங்கி ஹார்ட் டிஸ்க் போயிருச்சு"ன்னு சொன்னேன். எங்க ஊர் கரண்ட் மேல எந்தப் பழியைப் போட்டாலும் ஒட்டிக்கும். என் தங்கச்சிங்க ரெண்டு பேரும் இன்னைக்கு வரைக்கும் அதைத்தான் நம்பிட்டு இருக்காங்க. இதைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கப் போறாங்க. ஆக, ஏமாந்துட்டு வாயை மூடறதுல தம்பிக்கு நான் அண்ணன்தான். அப்படி இருந்துட்டுத்தான் வாத்தியாரைப் பாத்துச் சிரிச்சேன்.

இலவச மென்பொருளே ஆகாதுன்னு இதுல இருந்து முடிவு கட்டிறாதீங்க. அன்னைக்கு நான் தேடிப் போன இ-கலப்பை நல்ல சரக்கு, காசு கேக்காம நம்ம ஆளுங்க செஞ்சு கொடுத்தது. அப்பறம் மகன் சரியான இடத்துல இருந்து இறக்கிக் கொடுத்தான், அதுலதான் தமிழ் அடிக்கப் பழகினேன். படம் பாக்கற விஎல்சி இலவசம், ஃபயர்ஃபாக்ஸ் இலவசம். பி.எம். கிசானுக்கே அரசாங்கத்தோட நிசமான செயலி பிளே ஸ்டோர்ல இருக்கு, அதுல முகத்தைக் காட்டி இ-கேஒய்சி முடிக்கலாம், விரலே வைக்க வேண்டாம். தம்பிக்கு அதை யாராவது முதல்லயே சொல்லியிருந்தா இந்தப் பிரச்சனையே வந்திருக்காது. இ-சேவை மையத்துல நாலு நடை போனவனுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. அந்தக் கோவமும் எனக்கு உண்டு. விலை இருக்கா இல்லையாங்கறதை விட்டுட்டு, எந்த வழியா வந்துச்சுன்னு பாக்கணும். விதை வாங்கினா பில்லும் சீட்டும் பாக்கறோம்ல. வாட்ஸ்அப்புல ஏபிகேன்னு ஒரு ஃபைல் வந்தா அதுக்கு பில்லும் இல்லை, சீட்டும் இல்லை. அனுப்புனது பெத்த மகனா இருந்தாலும் போன் போட்டு "நீதான் அனுப்புனியா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அப்பறம், பணம் வாங்கறதுக்கு ரகசிய நம்பர் தேவையே இல்லை. அதை அடிச்சா பணம் போகும், வராது. ஒரு ரூபான்னாலும் போறது போறதுதான்.

மகன்கிட்ட இதெல்லாம் பேசிட்டு இருந்தப்ப அவன் ஒரு பழைய கதை சொன்னான். நான் நம்பலை, அப்பறம் நானே தேடிப் படிச்சேன். 1989 டிசம்பர். இன்டர்நெட் எல்லாம் ஊர் உலகத்துக்குத் தெரியாத காலம். லண்டன்ல இருந்து சுமார் 20,000 பேருக்குத் தபால்ல ஒரு ஃபிளாப்பி வந்திருக்கு. எய்ட்ஸ் நோய் பத்தின தகவல்னு மேல ஒட்டியிருந்துச்சு. அப்ப உலகமே அந்த நோயைப் பாத்து நடுங்கிட்டு இருந்த நேரம். உலக சுகாதார நிறுவனம் நடத்தின எய்ட்ஸ் மாநாட்டுக்குப் போனவங்களுக்கும், ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோட சந்தாதாரர்களுக்கும் போயிருக்கு. போட்டுப் பாத்தா உள்ள சொன்ன மாதிரியே தகவலும் இருந்துச்சு. ஆனா கம்ப்யூட்டரை எத்தனை தடவை ஆன் பண்றாங்கன்னு அது பாட்டுக்கு எண்ணிட்டே இருந்துச்சு. தொண்ணூறு தடவை வாக்குல வந்ததும் ஃபைல் பேரை எல்லாம் மாத்தி மறைச்சு வச்சுட்டு, 189 டாலர் பனாமா நாட்டு தபால் பெட்டிக்கு அனுப்புன்னு கேட்டுச்சு. இதைச் செஞ்சது ஜோசப் பாப்னு ஒரு உயிரியல் படிச்ச பெரிய படிப்பாளி. ஏமாந்தவங்களும் டாக்டர், ஆராய்ச்சிக்காரங்கதான். கூட வந்த சீட்டுல, பணம் கட்டலைன்னா உங்க கம்ப்யூட்டருக்குக் கெடுதல் வரும்னு பொடி எழுத்துல போட்டே இருந்துச்சாம்! எவன் படிச்சான்? அந்த சீட்டை அவங்க படிக்கலை, அந்த எச்சரிக்கையை என் தம்பி படிக்கலை.

இதைத் தம்பிகிட்டச் சொன்னேன். "டாக்டருங்களுமாண்ணா?"ன்னு கேட்டான். ரெண்டு மூணு நாளைக்கு அப்பறம் அன்னைக்குத்தான் ஒழுங்கா சாப்பிட்டான்னு அவன் வீட்டம்மா சொல்லுச்சு.

போனை என்ன செய்யறதுன்னு நிறையப் பேர் கேட்டீங்கன்னா, நாங்க செஞ்சது இதுதான். முதல்ல நெட்டை அணைச்சோம். வேற போன்ல இருந்து 1930, அப்பறம் பேங்குக்குச் சொல்லி கார்டு, யூபிஐ ரெண்டையும் நிறுத்தினோம். சைபர் கிரைம் இணையதளத்துலயும் புகார் பதிஞ்சோம், மகன் பதிஞ்சான். போட்டோவை மட்டும் எடுத்து வச்சுட்டு (இந்தத் தடவை நான் மறக்கலை) போனைக் கம்பெனியில இருந்து வந்த மாதிரி பூரா அழிச்சோம். சும்மா அந்தச் செயலியை மட்டும் தேடி அழிக்கலாம்னு பாத்தா படமே இல்லாம ஒளிஞ்சிருக்கும், அதை நம்பி விடக்கூடாது. வேற ஆளுங்க நம்பர் எல்லாம் அதுல இருந்ததால, குரூப்புல தம்பி பேர்லயே ஒரு குரல் பதிவு போட வச்சேன். "என் நம்பர்ல இருந்து எது வந்தாலும் தொடாதீங்க, நான் ஏமாந்துட்டேன்"ன்னு. அதைப் பேசறதுக்கு அவன் பத்து நிமிசம் யோசிச்சான். பேசினான். போட்ட அரை மணி நேரத்துல மூணு பேர் எனக்குத் தனியா கூப்பிட்டாங்க. மூணு பேரும் அதே ஃபைலைத் தொட்டவங்க. ரெண்டு பேருக்குப் பணம் இன்னும் போகலை, ரகசிய நம்பர் கேட்ட இடத்துல நிறுத்திட்டாங்க. ஒருத்தருக்கு 5,000 போயிருந்துச்சு, 24 மணி நேரம் ஆகலை. அவரை உடனே பேங்குல பேச வச்சு நிறுத்திட்டோம். மூணு பேருமே குரூப்புல இல்லாம எனக்குத் தனியா ஏன் கூப்பிட்டாங்கன்னு நான் கேக்கலை.

வாத்தியார் வீட்டுக்கும் ஒரு நாள் போயிட்டு வந்தேன். மன்னிப்பு கின்னிப்புன்னு ஒண்ணும் கேக்கலை, ஒரு தார் கதளியைக் கொடுத்துட்டு, கோர்ட்ல பணம் கேக்கறதுக்கு என்ன மனு போட்டீங்கன்னு விசாரிச்சேன். அவர் ஒரு நோட்டுல எல்லாத்தையும் தேதி வாரியா எழுதி வச்சிருந்தார். அதைப் பாத்துத்தான் தம்பிக்கும் மனு எழுதினோம்.

போன வாரம் தம்பி தோட்டத்துக்கு வந்தான். போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டி, "அண்ணா, இதைப் பாருங்க, தொடலை, அப்படியே வச்சிருக்கேன்"ன்னான். பேங்குல இருந்து எஸ்எம்எஸ், கணக்குல 2,000 ஏறியிருக்குன்னு. முகத்தைக் காட்டி இ-கேஒய்சி முடிச்சது வேலை செஞ்சிருக்கு போல. உண்மைதான்டான்னு சொன்னா நம்ப மாட்டேங்கறான். வண்டியை எடுத்துட்டு டவுனுக்குப் போய் பாஸ்புக்கைப் பதிஞ்சு பாத்துட்டு வந்துதான் சிரிச்சான். போக வர பெட்ரோல் 60 ரூபாய் ஆச்சு.